களஞ்சிய வீட்டில் வெளிச்சத்துக்கு ஒரு வழி, காட்சிக்கு ஒரு வழி

பழைய களஞ்சியத்தையோ மாட்டுத் தொழுவத்தையோ வீடாக மாற்றி அதில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலரும் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறார்கள். ஒரு பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்குக் கண்ணாடி இருக்கும், வருகிறவர்கள் அதன் முன் நின்று வாயைப் பிளப்பார்கள், ஆனால் உள்ளே நாலு எட்டு வைத்தால் ஸ்விட்ச் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தானியத்துக்குக் காற்று வேண்டும், ஈரம் ஆகாது, வெளிச்சமோ தேவையே இல்லை. அதனால் சுவர் தடிமனாகவும், காற்றுத் துளைகள் ஒடுக்கமாக உயரத்திலும், வண்டி நுழைய ஒரே ஒரு பெரிய வாசலுமாகக் கட்டிவிட்டார்கள். அந்த வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? பாதையைப் பார்த்து. வண்டி வரும் வழிதானே அவர்களுக்கு முக்கியம்.

நாங்கள் வாங்கியது ஏற்கெனவே ஒருமுறை வீடாக்கப்பட்ட களஞ்சியம். தெற்கு, வடக்கில் நீண்ட சுவர்கள், கிழக்கும் மேற்கும் முக்கோண முகப்புச் சுவர்கள், 60 செ.மீ. தடிமனில் கல்கட்டு, மேலே ஓட்டுக்கூரை. தெற்குச் சுவரில் இருந்த வண்டிவாசலுக்கு 3.8 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். வடக்கே சுவரோடு ஒட்டிச் சமையலறை. இரண்டுக்கும் நடுவே 7 மீட்டர். இதில், படுக்க இடம் வேண்டும் என்று 2.3 மீட்டர் உயரத்தில் வீடு முழுக்கப் பலகைப் பரண் அடித்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கம்பீரமான கண்ணாடி, உள்ளே வந்தால் பரணுக்கு அடியில் குகை. நல்ல காட்சி என்று சொல்லிக்கொள்ள இருந்தது மேற்கே, சரிந்து இறங்கும் வயலும் அதன் முடிவில் ஒரு குளமும். அந்தப் பக்கம் சுவரில் ஒரு பொந்துகூடக் கிடையாது. கண்ணாடி வழியாகத் தெரிந்ததெல்லாம் நிறுத்தி வைத்த வாகனங்களும் பாதையும்தான்.

வீட்டைப் பார்த்த ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்: மேற்குச் சுவரை முக்கால்வாசி எடுத்துவிட்டு மடக்குக் கண்ணாடிக் கதவு போட்டுவிடலாம், வெளிச்சமும் வந்துவிடும், காட்சியும் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளிச்சமும் காட்சியும் வேறு வேறு சமாச்சாரம் என்பது என் எண்ணம், இந்த வேலை முடிந்த பிறகு அது இன்னும் உறுதியாகிவிட்டது. வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, அதனால் அது உயரத்திலிருந்து இறங்க வேண்டும். காட்சி கண்மட்டத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு நாற்காலியும் அந்த நாற்காலிக்கு நேரே ஒரு திறப்பும் போதும். இரண்டையும் ஒரே ஓட்டையில் வாங்கப் பார்த்தால் அந்த ஓட்டை தேவைக்கு மேல் பெரிதாகும், செலவும் வெயிலும் கூடவே வரும்.

முதலில் இருட்டை அளந்தோம். கைபேசியில் லக்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவு, காட்டும் செயலிகள் இருக்கின்றன, துல்லியம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். வானம் முழுக்க மேகம் மூடிய ஒரு நாளில், மரமோ சுவரோ மறைக்காத வெட்டவெளியில் கைபேசியைப் படுக்க வைத்து ஒரு அளவு எடுங்கள், உடனே உள்ளே வந்து மேஜைமேல் வைத்து இன்னொன்று எடுங்கள். உள்ளே உள்ளதை வெளியே உள்ளதால் வகுத்தால் கிடைக்கும் சதவீதம்தான் கணக்கு. 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் அறை மங்கல், விளக்கில்லாமல் ஓடாது. 5க்கு மேல் போனால் பகலில் விளக்கே வேண்டாம், ஆனால் வெப்பத்தையும் கண் கூச்சத்தையும் கவனிக்க வேண்டிவரும். எங்கள் வீட்டில் வெளியே 10,000 லக்ஸ் காட்டியபோது சமையல் மேடையில் 40. அதாவது அரை சதவீதம்கூட இல்லை. வெயில் அடிக்கும் நாளில் இந்த அளவை எடுக்க வேண்டாம், நேர்வெயில் 1,00,000 லக்ஸைத் தொடும், கணக்கு குழம்பிவிடும்.

ஏன் அவ்வளவு இருட்டு என்பதற்குக் கருவியே தேவையில்லை. சமையல் மேடை உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திக் கண்ணாடிப் பக்கம் பாருங்கள். வானம் தெரிகிறதா? ஒரு துண்டு வானமாவது தெரிந்தால் அந்த இடத்துக்கு வெளிச்சம் நேராக வருகிறது. தெரியாவிட்டால், கண்ணாடி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அங்கே வருவது சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிய மிச்ச வெளிச்சம்தான். கட்டட வேலை செய்பவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு, மிஞ்சிப்போனால் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் உபயோகமான வெளிச்சம் உள்ளே எட்டும். எங்கள் கண்ணாடிக்கு 3.8 மீட்டர் உயரம், இரண்டு மடங்கு என்றால் 7.6, அறையின் ஆழமோ 7 மீட்டர்தான், தாராளமாக எட்ட வேண்டும். ஆனால் பரண் 2.3-இல் குறுக்கே நின்றதால் 4.6 மீட்டரோடு கதை முடிந்துவிட்டது. மேலே உள்ள ஒன்றரை மீட்டர் கண்ணாடி பரணில் கிடந்த அட்டைப்பெட்டிகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

ஆக முதல் வேலை பரணைக் குறைப்பது. வீட்டில் இதற்குப் பலத்த எதிர்ப்பு. "யாராவது வந்தா எங்கே படுக்க வைப்பீங்க?" என்று மனைவி கேட்டார், நியாயமான கேள்விதான். கடைசியில் கண்ணாடி இருக்கும் நடு அங்கணத்தில், அதாவது வீட்டின் நடுப்பகுதியில் மட்டும் பரணை முழுசாக எடுத்துவிட்டு, இரு பக்கமும் அப்படியே விட்டுக் கைப்பிடிக் கிராதி போட்டோம். படுக்கும் இடம் ஒன்று போனது, சமையலறைக்கு வானம் கிடைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பரணை எடுப்பதும் தூலத்தை எடுப்பதும் ஒன்றல்ல. ஓட்டுக்கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் எந்நேரமும் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், குறுக்கே ஓடும் தூலம்தான் இரண்டு சுவரையும் பிடித்து இழுத்து வைத்திருக்கிறது. தலை இடிக்கிறது, பார்வைக்குத் தடையாக இருக்கிறது என்று அதை அறுத்த வீடுகளில் சுவர் மெல்ல மெல்ல வெளியே சாயும், முகடு நடுவில் தொய்யும். பரண் விட்டங்கள் பிற்காலத்தில் செருகியவையா, ஆதியிலிருந்தே சுவரைக் கட்டி வைத்திருப்பவையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. எங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து விட்டங்களின் முனைகளைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் ரம்பத்தை எடுத்தார்கள். இந்த ஒரு செலவில் மட்டும் கையைக் கட்டாதீர்கள்.

பரண் போனதும் சமையல் மேடையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் வந்தது. நல்ல முன்னேற்றம், ஆனால் போதாது. வெளிச்சம் எல்லாம் ஒரே பக்கமிருந்து வருவதால் கண்ணாடிக்கு முதுகு காட்டி மேடைமுன் நிற்பவரின் நிழல், அவர் நறுக்கும் பலகைமேலேயே விழுந்தது. அதற்குத்தான் கூரை ஜன்னல்.

மேகம் மூடிய வானத்தில் உச்சி, அடிவானத்தைப்போல மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். சுவர் ஜன்னல் பார்ப்பது அடிவானத்தை ஒட்டிய பாதி வானத்தைத்தான், அதிலும் மரமும் எதிர்க்கட்டடமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கூரை ஜன்னல் பார்ப்பது உச்சியை. அதனால்தான் ஒரே அளவுக் கண்ணாடி, சுவரில் இருப்பதைவிடக் கூரையில் இருக்கும்போது இரண்டு மடங்குக்கும் மேலே கொடுக்கிறது. ஆனால் வெயிலும் அதே கணக்கில் இறங்கும், அதை மறந்துவிட்டுக் கூரை முழுக்கக் கண்ணாடி போட்டவர்கள் கோடையில் உள்ளே உட்கார முடியாமல் தார்ப்பாய் கட்டி மூடியதையும் பார்த்திருக்கிறேன். எந்தச் சாய்வில் வைப்பது என்பதுதான் முக்கியம். பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பவர்களுக்கு வடக்குச் சாய்வு நல்லது, நேர்வெயில் குறைவு, நாள் முழுக்க வெளிச்சம் சீராக இருக்கும். தெற்கே வெகுதூரம் இருப்பவர்களுக்கு நேர் எதிர். ரேகைக்குப் பக்கத்தில் இருந்தால் ஆண்டில் சில மாதம் சூரியன் வடக்கிலும் நிற்கும், அவர்களுக்கு எந்தச் சாய்வும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஜன்னலைச் சின்னதாக்கி வெளிப்புறத் திரை போடுவதே வழி. திரை வெளிப்புறம் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே திரை போட்டால் கண் கூசாது, ஆனால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்தாயிற்று, அப்புறம் என்ன செய்தும் பயனில்லை.

இடத்தைத் தீர்மானிக்க நாங்கள் செய்த ஒரு காரியம் பலருக்கும் உதவும். ஓட்டுக்கூரைக்கு ஒரு வசதி உண்டு, ஓட்டைக் கழற்றி மறுபடி மாட்டலாம். மழைக்குறி இல்லாத நாளாகப் பார்த்து, ஓடு மாற்றத் தெரிந்த ஆளை வைத்து, கைமரங்களுக்கு இடையே ஜன்னல் அளவுக்கு ஓடுகளை எடுத்துவிட்டுத் தெளிந்த பாலிதீன் தாளைக் கட்டினோம். காலை முதல் இருட்டும்வரை அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே நகர்கிறது என்று உட்கார்ந்து பார்க்கலாம். வரைபடத்தில் ஒன்று போதும் என்று குறித்திருந்த இடத்தில் பெரிய ஒன்றைவிடச் சின்னதாக இரண்டு, மேடையின் இரு முனைக்கும் நேராக இருந்தால் நிழல் விழாது என்பது அப்போது தெரிந்தது. கைமரங்களுக்கு இடையிலேயே அடங்கும் அகலத்தில் எடுத்தால் மரம் எதையும் அறுக்க வேண்டாம் என்பது இன்னொரு லாபம்.

கூரை ஜன்னல் வாங்கும்போது கண்ணாடிக்கு மட்டும் பார்க்காதீர்கள், அதைச் சுற்றி ஓட்டோடு சேரும் தகர மடிப்பு உங்கள் ஓட்டின் வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தட்டை ஓட்டுக்குச் செய்ததை வளைவு ஓட்டில் வைத்துப் பூச்சுப் பசையால் அடைத்தால் சில மழையிலேயே ஒழுகும். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் உள்பக்க அடுக்கு லேமினேட்டட் ஆக இருக்க வேண்டும், உடைந்தாலும் துண்டுகள் நடுவில் உள்ள படலத்தில் ஒட்டி நிற்கும். டஃபண்ட், அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி சிறு சிறு துண்டாக நொறுங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் துண்டுகள் மொத்தமாகத் தலையில் கொட்டும்.

அப்புறம் அந்த உள்பக்கப் பலகை அடைப்பு. கூரைத் தடிமனுக்கு ஜன்னலைச் சுற்றி ஒரு குழிபோல வரும் அல்லவா, தச்சர்கள் அதை வழக்கமாகக் கூரைக்குச் செங்குத்தாகவே, பெட்டி மாதிரி அடைத்துவிடுவார்கள். சுலபம், பார்க்கவும் நேர்த்தி. ஆனால் மேல்பக்க அடைப்பைத் தரைக்கு இணையாகவும் கீழ்ப்பக்க அடைப்பைத் தரைக்குச் செங்குத்தாகவும் சாய்த்து வைத்தால் குழி உள்ளே விரிந்துகொண்டே வரும், வெளிச்சம் நாலா பக்கமும் பரவும். எங்கள் தச்சர் முதலில் முகம் சுளித்தார். "நாலு மூலையும் வேற வேற கோணம் சார், ஒரு பலகை பாக்கி இல்லாம எல்லாத்தையும் இழைச்சுத்தான் சேர்க்கணும்" என்றார். ஒன்றை அப்படிச் செய்து முடித்துக் கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தவர், அடுத்ததையும் அதே மாதிரி செய்ய நாங்கள் கேட்கவே இல்லை, அவரே தொடங்கிவிட்டார். இப்போது மேடையில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது.

இனி காட்சி. மேற்குச் சுவரை வெட்டுவதற்கு முன் வெளியே போய், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டரில் இருக்கும், நின்றால் 1.5 முதல் 1.6 வரை. வெளித்தரை தாழ்வாக இருந்தால் அந்த வித்தியாசத்தையும் சேர்த்து முக்காலியை உயர்த்திக்கொள்ளுங்கள். சுவரின் வடகோடியில் பாதிக் காட்சியைப் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி தின்றுவிட்டது. தெற்கே கொஞ்சம் நகர்ந்தால் தொட்டி மறைந்து வயலும் குளமும் குளத்துக்குப் பின்னால் மரவரிசையும் வந்தன. சுவரை முக்கால்வாசி எடுத்திருந்தால் அந்தத் தொட்டியும் சேர்ந்தே வீட்டுக்குள் வந்திருக்கும்.

காட்சியில் வானம், நடுவே நிலம் அல்லது மரம், கீழே தரை என்று மூன்று அடுக்கும் இருந்தால் நிறைவாக இருக்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, 2018-இல் வந்த இஎன் 17037 என்ற ஐரோப்பிய பகல்வெளிச்சத் தரவிதி இந்த மூன்றையும் வைத்தே காட்சியை மதிப்பிடுகிறது. குறைந்தபட்சம் நடு அடுக்காவது தெரிய வேண்டும், பார்வை 6 மீட்டருக்காவது போக வேண்டும், உட்காரும் இடத்திலிருந்து காட்சியின் அகலம் 14 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. இந்தக் கடைசிக் கணக்குதான் எங்களுக்கு உதவியது. 90 செ.மீ. அகல ஜன்னலிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 20 டிகிரி கிடைக்கும், 4 மீட்டர் தள்ளிப் போனால் 13-க்கு வந்துவிடும். அதாவது ஜன்னலை இரண்டு மடங்கு அகலமாக்குவதும் ஒன்றுதான், நாற்காலியைப் பாதித் தூரத்துக்கு இழுத்துப் போடுவதும் ஒன்றுதான். நாற்காலியை இழுக்கக் காசு இல்லை.

மேற்கு என்பதால் இன்னொரு காரணமும் இருந்தது. மாலை வெயில் தாழ்ந்து கிடைமட்டமாக வரும், மேலே எவ்வளவு தாழ்வாரம் நீட்டினாலும் அதற்கு அடியில் புகுந்து வந்துவிடும். உச்சி வெயிலுக்குத்தான் தாழ்வாரம், மேற்கு வெயிலுக்கு மரமோ பக்கவாட்டுத் தடுப்போ மூடும் கதவோதான். சின்ன ஜன்னல் என்றால் வெளியே இரண்டு மரக்கதவு வைத்து அந்த நேரத்துக்குச் சாத்திக்கொள்ளலாம். சுவர் அகலத்துக்குக் கண்ணாடி போட்டால் எதைச் சாத்துவது? கடைசியில் 90 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம், சில் என்கிற ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ.யில் என்று முடிவானது. உட்கார்ந்தாலும் நின்றாலும் கண்ணுக்கு நேரே குறுக்குச் சட்டம் வராமல் ஒரே கண்ணாடி. சில் இவ்வளவு தாழ்வாக இருந்தால் குழந்தைகள் மோதும், பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும்.

முகப்புச் சுவரில் வெட்டும்போது ஒரு விஷயம். முகட்டு உத்தரத்தின் முனை அந்தச் சுவரின் உச்சியில்தான் உட்கார்ந்திருக்கும், கூரைப் பாரத்தில் ஒரு நல்ல பங்கு அந்த ஒரு புள்ளி வழியாக நேர் கீழே இறங்கும். அதற்கு நேர் அடியில் ஓட்டை போட்டால் லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே வைக்கும் விட்டம், பலமடங்கு தாங்க வேண்டும். எங்களுக்கு அதிர்ஷ்டம், காட்சிக்குத் தோதான இடம் முகட்டிலிருந்து தள்ளியே இருந்தது. இன்ஜினியர் மேடமும் அதைத்தான் முதலில் கேட்டார், "நடுவுலதான் வேணும்னு பிடிவாதம் பிடிக்க மாட்டீங்களே?"

இரண்டடி தடிமனுள்ள பழைய கல்சுவர் பெரும்பாலும் ஒரே சுவர் கிடையாது. உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் சின்னக் கல்லும் மண்ணும் சுண்ணாம்புமாக நிரப்பியிருப்பார்கள், அங்கங்கே இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு நீளக்கல். கொத்தனார் வெளிமுகத்தில் முதல் கல்லை உருவியதும் உள்ளிருந்து அந்த நிரப்பு, கிழிந்த சாக்கிலிருந்து தானியம் கொட்டுகிற மாதிரி சரசரவென்று இறங்கியது. அவர் பதறவில்லை, ஈரச் சாக்குத்துணியை அந்தப் பொந்தில் திணித்து நிறுத்திவிட்டு, சுண்ணாம்புக் காரையைக் குழைத்து அடைத்து, மறுநாள்தான் மேலே தொட்டார். சுத்தியல் இயந்திரத்தை மேஸ்திரி கொண்டுவந்திருந்தார், அதை எடுக்கவே விடவில்லை, உளியும் கடப்பாரையும்தான். இப்படிப்பட்ட சுவரில் அதிர்வு கொடுத்தால் திறப்புக்கு அப்பாலும் நிரப்பு சரிந்து, வெளியே தெரியாமல் உள்ளே வெற்றிடம் விழுந்துவிடும்.

முறை இதுதான்: திறப்புக்கு மேலே சுவரைத் துளைத்து இரும்புச் சட்டங்களைக் குறுக்கே செருகி, உள்ளும் புறமும் ஜாக்கி முட்டு கொடுத்துப் பாரத்தை அதில் ஏற்றினார்கள். பிறகு வெளிப்பாதிச் சுவரில் மட்டும் காடி வெட்டி ஒரு லிண்டல், அது இறுகிய பிறகு உள்பாதியில் இன்னொரு லிண்டல், அதன் பிறகுதான் கீழே உள்ள கல்லை எடுத்தது. இரு பக்கமும் லிண்டல் சுவரில் குறைந்தது 15 செ.மீ. உட்கார வேண்டும், கல் தளர்வாக இருந்தால் இன்னும் அதிகம். எடுத்த கற்களை வீசிவிடாதீர்கள், ஓரங்களைக் கட்ட அதே கல்தான் பொருந்தும். சேர்ப்பதற்கும் சுண்ணாம்புதான், பழைய சுண்ணாம்புக் கட்டோடு கெட்டி சிமெண்ட் வைத்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே அரிக்கும்.

செலவு கம்மியாக முடிய ஒரு குறுக்குவழி உண்டு, அதை வடசுவரில் பயன்படுத்தினோம். ஏற்கெனவே இருக்கும் திறப்பை அகலப்படுத்தினால்தான் புது லிண்டல் வேண்டும். அகலத்தை மாற்றாமல் சில்லை மட்டும் கீழே இறக்கினால் மேலே உள்ள பாரத்தில் எந்த மாற்றமும் இல்லை, பழைய லிண்டல் நன்றாக இருந்தால் அதுவே போதும். உயரத்தில் வானம் மட்டும் காட்டிக்கொண்டிருந்த ஒரு காற்றுத் துளையை இப்படிக் கண்மட்டம் வரை இறக்கியதில், பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஒரு ஒடுக்கமான காட்சி கிடைத்தது.

சின்ன ஜன்னல்களில் சட்டத்தின் தடிமனைக் கவனியுங்கள், யாரும் இதைச் சொல்வதில்லை. 60-க்கு 60 செ.மீ. திறப்பில் சுற்றிலும் 8 செ.மீ. சட்டம் போட்டால் மிஞ்சுவது 44-க்கு 44 கண்ணாடி. கணக்குப் போட்டால் திறப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இத்தனை பாடுபட்டுக் கல்லை வெட்டி, பாதியை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ அடைப்பதற்கா? சட்டம் கல்லின் மறைவுக்குள் போய் உட்காரும்படி வெட்டி, திறக்காத கண்ணாடியாகப் போட்டுவிட்டு, காற்றுக்குத் தனியாகப் பக்கத்தில் ஒரு ஒடுக்கமான பலகைக் கதவு வைத்தோம். கண்ணாடி பார்ப்பதற்கு, கதவு காற்றுக்கு.

தடித்த சுவரில் ஜன்னலை வெளிப்பக்கம் தள்ளி வைத்து உள்பக்கத்தை விரித்துச் செதுக்குவதும் பழைய தந்திரம்தான். விரிந்த பக்கச்சுவரில் வெளிச்சம் வழிந்து இறங்கும், கண்ணாடிக்கும் அறைச்சுவருக்கும் நடுவே ஒரு இடைநிறம் கிடைப்பதால் கண் கூசாது. வெளிப்பக்கம் தள்ளுவதால் சாரல் கண்ணாடிக்கு அருகே வரும், சில்லை வெளியே நீட்டி அதன் அடிப்பக்கத்தில் நெடுக ஒரு காடி இழுத்துவிடுங்கள், தண்ணீர் சுவரோடு வழியாமல் அங்கேயே சொட்டிவிடும்.

வெள்ளை பற்றி வாக்குவாதம் வராத வீடு இருக்காது. கல்லையும் மரத்தையும் அப்படியே காட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, வெள்ளையடிக்க வேண்டும் என்று ஒரு கட்சி. வெள்ளைச் சுவர் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பித் தரும், வெறும் செங்கல்லோ கல்லோ அதில் பாதிகூடத் தராது, கறுத்த மரம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நாங்கள் கைமரத்தையும் தூலத்தையும் அப்படியே விட்டு, இடையில் உள்ள பலகைகளுக்கும் கூரை ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவருக்கும் மட்டும் சுண்ணாம்பு அடித்தோம். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம், கல்சுவர் மூச்சு விடாது, படலம் படலமாக உரியும். சுண்ணாம்பு தொட்டால் கையில் ஒட்டும் என்று முறையிடுபவர்கள் அந்தச் சுவரில் சாயாமல் இருந்தால் போதும்.

உளி எடுக்கும் முன்பே செய்யக்கூடிய இலவச வேலைகளையும் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு மேல் தொங்கும் கொடியை வெட்டுங்கள், கண்ணாடியை இரு பக்கமும் கழுவுங்கள், திரைச்சீலைக் கம்பியை இரு புறமும் 20, 30 செ.மீ. நீளமாக மாற்றுங்கள், ஒதுக்கிய சீலை கண்ணாடிமேல் கிடக்காமல் சுவர்மேல் கிடக்கும். எங்கள் பெரிய கண்ணாடியில் சீலைகள் மட்டுமே இரண்டு முழத்தை மறைத்திருந்தன. பாதையைப் பார்க்க வேண்டாம் என்று அவற்றை முழுசாக ஒதுக்காமல் வைத்திருந்தோம், பிறகு சீலையை எடுத்துவிட்டு வெளியே இடுப்பளவு வேலி வளர்த்தோம். வாகனங்கள் மறைந்தன, வானம் மறையவில்லை.

பழைய கட்டடம் என்றால் வெளித்தோற்றத்தில் கை வைக்க உள்ளாட்சி அனுமதி தேவையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூரையில் வௌவால் குடியிருந்தால் இன்னும் கவனம், பல நாடுகளில் அவற்றைக் கலைப்பது சட்டப்படி குற்றம், குட்டி போடும் பருவம் முடியும்வரை கூரையைத் தொட விட மாட்டார்கள். பெரிய கண்ணாடியில் பறவைகள் வந்து மோதினால், வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள். பருந்து ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் ஒட்டுவதால் எதுவும் நடப்பதில்லை, அதைச் சுற்றிப் பறந்து பக்கத்தில் மோதும்.

இரவைப் பற்றி யோசிக்காமல் ஜன்னல் போடுகிறவர்கள் அதிகம். பகலில் காட்சி தந்த கண்ணாடி, விளக்குப் போட்டதும் உங்கள் முகத்தையே காட்டும் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். மேற்கு ஜன்னலுக்கு அருகே கூரை விளக்கை எடுத்துவிட்டு, தரையோடு தாழ்வாக நிழல்கூடு போட்ட ஒரு விளக்கு வைத்தோம், குளத்துக்கு அப்பால் இருக்கும் வெளிச்சங்கள் இப்போது இரவிலும் தெரிகின்றன. மீதமிருந்த பரணில் படுப்பவர்களுக்கு வேறு தொல்லை. நடு அங்கணம் திறந்துவிட்டதால் கூரை ஜன்னலின் விடியல் வெளிச்சம் நேராக அவர்கள் முகத்தில் விழுகிறது. வந்த விருந்தாளிகள் எல்லோரும் கோழி கூவும் முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். கூரை ஜன்னலை வாங்கும்போதே இருட்டுத் திரைக்கான தண்டவாளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பிறகு மாட்ட வேண்டுமென்றால் மறுபடி சாரம் கட்டி, தச்சர் அத்தனை பாடுபட்டு இழைத்த அந்தப் பலகைகளைத்தான் துளைக்க வேண்டியிருக்கும்.